சத்தத்துக்கு வைத்தியம்

நான் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்பதில்லை என்று என் மருமகள் குறைப்பட்டுக்கொள்வாள். போனில் பேசினாலோ, அந்தப் பக்கம் இருப்பவர்கள் அலோ அலோ என்று நாலு தடவை கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதில் பாதிதான் பிறவியில் வந்தது. மீதிப் பாதி, எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் பழக்கிவிட்டது.

அப்போது நாங்கள் தொரப்பள்ளியைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பா அதுவரை கூலிக்கு ஏர் ஓட்டியவர். ராகி அறுப்புக்கும் கல் உடைக்கவும் போனவர். ஓசூரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் வந்த காலம் அது. எங்கள் தெருவில் முதன்முதலில் கம்பெனி வேலைக்குப் போனவர் அப்பாதான். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் நின்று தகடு எடுத்துக் கொடுக்கிற வேலை. பர்மனென்ட் ஆகும் வரைக்கும் ராத்திரி ஷிப்ட்டுதான் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் சைக்கிளில் போவார். காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்கு வந்து, களியைத் தின்றுவிட்டுப் படுப்பார். ஊரே விழித்திருக்கும்போது ஒரு ஆம்பிளை பாய் விரித்துப் படுப்பது எங்கள் தெருவுக்குப் புதிது. உடம்புக்கு என்ன என்று விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த விசாரிப்பிலேயே அப்பாவின் தூக்கம் போயிற்று.

ஒரு நாள் காலையில் களி உருண்டையைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே அப்பா சொன்னார்.

“நேத்து நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டன். சூப்பர்வைசரு சட்டையப் புடிச்சி இழுத்துட்டாரு. இல்லன்னா கை உள்ள போயிருக்கும். இன்னொரு வாட்டி அசந்தா கேட்டுக்கு வெளியதான்னு சொல்லிட்டாரு.”

ஏதோ அடுத்த வீட்டுக்காரருக்கு நடந்ததைப் போல்தான் சொன்னார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அப்பாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அம்மா வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் இருந்த சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, காசு செலவில்லாமல் அதன் வாயை அடைப்பது என்று இறங்கினாள்.

முதலில் கதவு. திறந்தால் ஆடு கத்துகிற மாதிரி கத்தும். கோழி இறகை விளக்கெண்ணெயில் தோய்த்துக் கதவு சுழலும் குடுமியில் மூன்று நாள் விட்டாள். கதவு பேச்சை நிறுத்தியது. கதவுச் சங்கிலிக்குக் கிழிந்த ரவிக்கைத் துணியைச் சுற்றித் தைத்தாள். அலுமினியப் பானை, குண்டான், செம்பு ஒவ்வொன்றுக்கும் தலைச்சுமைக்கு வைக்கிற மாதிரி ஒரு சும்மாடு சுற்றி, அதன்மேல் உட்கார வைத்தாள். தெருக் கிணற்று ராட்டினத்துக்கு, மாட்டு வண்டி அச்சுக்குப் போடும் கருப்பு மையை யாரிடமோ வாங்கிவந்து தடவினாள். ஆட்டுக் கொட்டகையின் மேலிருந்த தகரம் காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் செருகினாள். ஓட்டுக்கு நடுவே வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த கண்ணாடி வழியாக வெயில் அப்பாவின் முகத்தில் விழுந்தது. அதற்கு ராகிக் கூழைப் பசையாகக் காய்ச்சிப் பழுப்புக் காகிதம் ஒட்டினாள். சேவலைத் தட்டையான கூடைக்குள் அடைத்தாள். கழுத்தை நீட்ட முடியாவிட்டால் சேவலால் கூவ முடியாது என்பது அவளே கண்டுபிடித்தது.

பக்கத்து வீட்டு அத்தைக்கு வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பாள்.

“ஏனம்மா, சேவலுக்கே வாய்ப்பூட்டா? நாளைக்குக் காக்காவுக்கு என்னா பண்ணுவ?”

“காக்காவுக்கும் பாத்துட்டன்க்கா. பழையத எடுத்துட்டுப் போயி தெருக்கோடியில வெக்கிறன். சோறு அங்க இருந்தா இங்க எதுக்கு வருது?”

“உன் புருசன் கம்பெனிக்குப் போனாலும் போனாரு, ஊர்ல காக்காவுக்குக்கூட டூட்டி மாத்திட்ட!”

கடைசியில் வைத்தியம் என் காலுக்கு வந்தது. பேரிகையில் இருந்த மாமா எனக்குக் காது குத்தின அன்றைக்கு ஒரு ஜோடி கொலுசு போட்டிருந்தார். அதில் இருந்த சின்ன மணிகள் நடந்தால் ஒரு சத்தம், ஓடினால் வேறு சத்தம் என்று கொடுக்கும். அம்மா என்னை வாசற்படியில் உட்காரவைத்து அரை மெழுகுவத்தியைக் கொளுத்தினாள்.

“கழட்டிடட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

“மாமன் போட்டத கழட்டுவாங்களா? அது பாட்டுக்குக் கால்ல இருக்கட்டும். சத்தந்தான் வேணாம்.”

ஒவ்வொரு மணியிலும் ஒரு சொட்டு மெழுகு. சூடு தாங்காமல் நான் காலை இழுத்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் எனக்கும் பழகியிருந்தது. பசி என்றால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவேன். தண்ணீர் என்றால் கட்டை விரல். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்னால், நான் படித்து முடித்த பிறகு, “ம், ஆரம்பி” என்பார்.

அம்மாவால் வைத்தியம் செய்ய முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். ராகி அரைக்கிற திருகைக் கல். அதை எங்கள் பக்கத்தில் ஏந்திரம் என்போம். ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை வைத்துச் சுற்றுவது. அதன் அடியில் சாக்கை மடித்து வைத்தாள், டயர்த் துண்டை வைத்தாள். அது பாட்டுக்குக் கர்ர் கர்ர் என்றுதான் இருந்தது. கடைசியில் அதன்மேல் ஒரு கோணிப்பையைப் போட்டு மூடிவிட்டு, ராகியை எடுத்துக்கொண்டுபோய் அத்தை வீட்டுக் கல்லில் அரைத்துவந்தாள்.

இவ்வளவும் செய்து முடித்தபோது எங்கள் வீட்டில் ஆள் இருப்பதே தெருவுக்குத் தெரியவில்லை. அப்பா மல்லாந்து நேராகப் படுத்து, இரண்டு கையையும் நெஞ்சின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பார். அம்மா என்னைக் கதவோரம் கூட்டிவந்து காட்டுவாள்.

“பாத்தியா, பொரண்டுகூடப் படுக்கல” என்று காதோடு சொல்வாள். அவள் முகத்தில் அப்போது அவ்வளவு நிறைவு இருக்கும்.

ஆனால் அப்பாவின் கண் நாளுக்கு நாள் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. மறுபடியும் ஒரு நாள் மெஷின் பக்கத்தில் கண்ணசந்துவிட்டார். கூட இருந்தவர் தொடையில் கிள்ளி எழுப்பினாராம். நல்லவேளை, சூப்பர்வைசர் பார்க்கவில்லை. அதைக் கேட்டதிலிருந்து அம்மா நடு வீட்டில் நின்று தலையைச் சாய்த்து, இன்னும் எந்தச் சத்தம் பாக்கி இருக்கிறது என்று காது கொடுத்துப் பார்த்தாள். பல்லி கத்தினால்கூட அம்மா முகத்தில் கவலை வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பேரிகையில் மாமாவுக்குக் குழந்தை பிறந்தது என்று ஆள் வந்து சொன்னார்கள். பள்ளிக்கூடம் லீவு. அம்மா காலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

“மாவு பானையில இருக்குது. அப்பா எழுந்ததும் களி கிண்டிக் குடு. அதுவரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது, தெரியுதா?”

மத்தியானத்துக்கு மேல் பானையைத் திறந்து பார்த்தால் அடியில் ஒரு பிடி மாவுதான் இருந்தது. கிளம்பின அவசரத்தில் அம்மா பார்க்கவில்லை. அத்தை வீட்டுக்கு ஓடினேன், பூட்டு தொங்கியது. சந்தைக்குப் போயிருந்தார்கள். மாவு மில்லுக்குப் போகலாமென்றால் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. களி இல்லாமல் வேலைக்குப் போனால் அப்பாவுக்குக் கிறுகிறுத்துவிடும். அரைத்தால் தூக்கம் போய்விடும். கூரைச் சாய்ப்பில் ஏந்திரத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கோணியை எடுத்துவிட்டு, ஒரு கை ராகியைப் போட்டு, மெதுவாக, அதற்குத் தெரியாமல் சுற்றுகிற மாதிரி சுற்றினேன்.

கல்லுக்கு அதெல்லாம் தெரியவில்லை. கர்ர் என்று முழு வாயைத் திறந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அரைத்தேன். கொஞ்ச நேரத்தில் கல் சத்தத்தோடு வேறொரு சத்தமும் சேர்ந்து வந்தது. கல் உடைந்துவிட்டதோ என்று பயந்து சுற்றுவதை நிறுத்தினேன். அந்தச் சத்தமும் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டது.

“ஏங்கண்ணு நிறுத்திட்ட?”

அப்பா கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வேட்டி கலைந்திருந்தது, வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. கோபத்தில் குத்திக் கேட்கிறார் என்று நினைத்து அழ ஆரம்பித்தேன், சத்தமில்லாமல்தான்.

“அழுவாத. அரை. இன்னும் கொஞ்சம் அரை. இப்பத்தான் தூக்கமே வந்துச்சு.”

பக்கத்தில் உட்கார்ந்து, கை நிறைய ராகியை அள்ளிக் கல்லின் குழியில் அவரே போட்டார். “ராத்திரி பூரா மெஷின் சத்தத்துல நின்னுட்டு வர்றன். இங்க வந்தா ஒண்ணுமே கேக்கறதில்ல. காதுக்குள்ள ங்கொய்யின்னு ஒரே எரைச்சல். எங்க தூங்கறது?”

“அப்ப தெனமும் நீ தூங்கலையாப்பா?”

“கண்ண மூடிட்டு இருந்தன்.”

“அம்மாகிட்ட சொல்லலாமில்ல?”

அப்பா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். துணி சுற்றிய சங்கிலி, காகிதம் ஒட்டிய கண்ணாடி, வரிசையாகச் சும்மாட்டில் உட்கார்ந்திருந்த பானைகள்.

“இத்தினியும் பண்ணி வெச்சிருக்கா பாரு” என்றார். அவ்வளவுதான். பிறகு என் தலையில் கை வைத்து, அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நான் கேட்டதற்கு அது எப்படிப் பதிலாகும் என்று எனக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. சத்தம் இல்லாவிட்டால் அப்பாவுக்கு வேலை போகும், இல்லை கை போகும். அதைச் சொல்லவும் கூடாது. அதனால் எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நானும் ஆரம்பித்தேன். முள்ளை ஒடித்துவந்து கொலுசு மணியில் இருந்த மெழுகைக் குடைந்து எடுத்தேன். வெயிலுக்கு உருகிவிட்டது போல என்று அம்மா திரும்பவும் ஊற்றினாள். சேவலைத் திறந்துவிட்டேன். கூடை மூடவில்லை போல என்று திரும்பவும் அடைத்தாள். அப்புறம் ஆடி மாதம் வந்து காற்று எடுத்தது. ஒரு சனிக்கிழமை கொட்டகைக் கம்பத்தில் ஏறி, தகரத்துக்கு அடியில் இருந்த டியூபுத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன்.

இறங்கும்போது அம்மா கீழே நின்றிருந்தாள். என் கையில் ஐந்தாறு துண்டுகள்.

“நீதானா? அடிப் பாவி, அந்த மனுசன் கை போவட்டும்னு பாக்கிறியா?”

இதையும் குசுகுசுவென்றுதான் கேட்டாள். அடித்தால் சத்தம் வரும் என்று தொடையைப் பிடித்துத் திருகினாள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சத்தியம் செய்தவள் எதைச் சொல்வது?

அப்போது ஒரு காற்று வந்தது. தகரம் தடதடவென்று எகிறி விழுந்தது. அம்மா வீட்டுக்குள் ஓடினாள், பின்னாலேயே நானும் ஓடினேன்.

அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். முழங்கால் மடங்கி, ஒரு கை பாய்க்கு வெளியே கிடந்தது. வாய் திறந்து குறட்டை. தகரம் அடிக்க அடிக்க அதுவும் ஏறியது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அடங்கித் தகரம் நின்றது. குறட்டையும் நின்றது. அப்பாவின் இமை அசைந்தது. மெல்ல மல்லாந்தார். காலை நீட்டினார். இரண்டு கையையும் எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, வழக்கம்போல் நேராகக் கிடந்தார்.

அம்மா அதை முழுக்கப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மா சொன்னாள்.

“அந்தக்கா வீட்டுக்கு ஒறம்பரைங்க வந்திருக்காங்க. ராகிய இங்கயே அரைச்சிக்கறன். சத்தமா இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

“பரவால்ல, பொறுத்துக்கறன்” என்றார் அப்பா, ரொம்பப் பெருந்தன்மையாக.

அத்தை வீட்டு உறவினர்கள் அந்தத் தடவை மாதக்கணக்கில் தங்கினார்கள். என் கண்ணில்தான் ஒருவரும் படவில்லை. கல் கொத்துகிறவர் வந்து ஏந்திரத்தைப் புரட்டிப் பார்த்து, “என்னாம்மா, ஊருக்கே நீதான் அரைக்கிறியா? கல்லு இப்பிடித் தேஞ்சிருக்குது” என்று கேட்டார். அம்மா சிரித்தாள். அப்பா அதற்குப் பிறகு மெஷின் பக்கத்தில் கண்ணசரவில்லை. தை பிறந்ததும் வேலை பர்மனென்ட் ஆனது. வாங்கிவந்த மிட்டாய்ப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்து, “எல்லாம் உன் வைத்தியந்தான்” என்றார். அம்மாவும் ஆமாம் என்று வாங்கிக்கொண்டாள்.

அதற்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சோற்றுக்கு வந்தேன். சாய்ப்பில் அம்மா ஏந்திரம் சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பாவின் குறட்டை. பக்கத்தில் உட்கார்ந்து, அள்ளிப் போடலாம் என்று முறத்தைத் தேடினேன். முறம் சுவரில் மாட்டியிருந்தது. கல்லைச் சுற்றி ஒரு பொட்டு மாவு இல்லை. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். வெறும் கல்மேல் கல் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா, கல்லுல ராகியே இல்ல!” என்று எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அம்மா வலது கையால் சுற்றுவதை நிறுத்தவில்லை. இடது கை விரலை எடுத்து உதட்டின்மேல் வைத்தாள்.

தெருவுக்கே கேட்கும்படி கல்லைச் சுற்றிக்கொண்டு, என்னை மட்டும் எதற்குச் சத்தம் போடாதே என்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கொலுசைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தேன்.