செட்டக்காவின் நம்பர் யார் பேரில் இருந்தது

பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அளவுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை, அதே மாடி அறை, சன்னலோரம் அதே மேசை. மேசைமேல் பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள் வாயைத் திறந்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும். தரை முழுக்க வெள்ளை மாவுத்தூள். அவளுக்கென்று ஒரு பேர் இருந்தது, கரண்ட் பில்லில் மட்டும். மற்றபடி எல்லோருக்கும் அவள் செட்டக்கா.

செட்டக்காவுக்கு டாக்டர்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. அளவைக் கோணலாக எடுத்து அனுப்புவார்கள். செட் கடிக்கிறது என்று நோயாளி கத்தினால் "செஞ்சவங்க சரியில்லை" என்பார்கள். "அவங்க கையில இருக்கிறது பட்டம், என் கையில இருக்கிறது வேலை" என்பாள். யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். அங்கே பார்த்ததை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். பெரும்பாலும் தேற மாட்டார்கள்.

போன் திருட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸில். மெழுகில் பல் நட்ட செட் ஒன்றை டாக்டரிடம் காட்டிவரப் புறப்பட்டிருந்தாள். மெழுகுப் பதத்தில் யாராவது முழங்கையால் ஓர் இடி இடித்தால் போதும், முன்பல் பின்பல்லாகிவிடும். அதனால் டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தோள்பை அதன்பாட்டுக்குத் தொங்கியது. இறங்கிப் பார்த்தால் செட் பத்திரமாக இருந்தது. பையின் ஜிப் திறந்து கிடந்தது. போனைக் காணோம்.

மகள் இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். செட்டக்கா நேரே அங்கே போய் நின்றாள்.

"யாரோ ஒருத்தரோட பல்லைக் காப்பாத்தப் போய் என் போனை விட்டுட்டேன்டி."

மகள் உடனே தன் போனிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"யாரு?" என்றது ஒரு ஆண்குரல்.

"அது எங்கம்மாவோட போனுங்க…"

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டான்.

"திமிரைப் பாத்தியா?" என்றாள் செட்டக்கா. "ஆஃப் பண்ணி ஒளிச்சு வைக்கணும்னு பயம்கூட இல்லை. எடுத்துப் பேசுறான்."

அடுத்து கம்பெனியின் உதவி எண். ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு, நட்சத்திரத்தை அமுக்கு என்று ஒரு பெண்குரல் விரட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒரு பையனிடம் கொண்டுவிட்டது.

"போன் திருட்டுப் போச்சு. நம்பரை உடனே நிறுத்துங்க."

"கேக்கவே ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்றான் அவன். காலையிலிருந்து நாற்பது பேருக்காவது இதே வருத்தத்தை எடுத்து வைத்திருப்பான், ஆறிப்போயிருந்தது. "சரிபார்க்க உங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்பியிருக்கேன். அதைச் சொல்லுங்க."

"எந்த நம்பருக்கு?"

"நீங்க நிறுத்தச் சொன்ன நம்பருக்குத்தான் மேடம்."

"அது திருடன்கிட்ட இருக்கு தம்பி. அவனைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லட்டுமா? நல்லாத்தான் பேசுறான். உங்களைவிட சீக்கிரம் எடுக்கிறான்."

கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. திரும்பி வந்தவன் பேரும் பிறந்த தேதியும் கேட்டான். சொன்னாள்.

"அந்தப் பேர்ல இந்த நம்பர் இல்லையே மேடம்."

"பின்ன யார் பேர்ல இருக்கு?"

"அதை நாங்க வெளிய சொல்லக் கூடாது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"முதல்ல ஒண்ணு பண்ணு ராசா. அப்புறம் வேற உதவியைப் பத்திப் பேசலாம்" என்று மகளிடம் போனைக் கொடுத்துவிட்டாள். வைத்த கையோடு, அந்தப் பையனின் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டு ஒரு செய்தி வந்தது.

யார் பேரில் இருக்கும் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அவள் புருஷன் பல்வைத்தியச் சாமான்கள் விற்கும் ஏஜெண்டாக இருந்தவர். வாயாலேயே பந்தல் போடுகிறவர். ஒருநாள் தன் அடையாள அட்டையைக் காட்டி இரண்டு சிம் வாங்கி வந்து, ஒன்றை அவளிடம் கொடுத்தார். ஏதோ தோட்டத்தை எழுதி வைத்ததுபோல் அதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தார். பிறகு, பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஊரின் மறுகோடியில் வேறொருத்தியின் வீட்டோடு போய்விட்டார். அவருடைய சட்டை, செருப்பு, சவரப்பெட்டி, கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழித்துக்கட்டியவள் செட்டக்கா. தினமும் காதில் வைத்துப் பேசுகிற நம்பர் அவர் பேரில் இருப்பது மட்டும் அவளுக்கு உறைக்கவே இல்லை.

"போனால் போகுது, சனியன் விட்டுது" என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நாள் மத்தியானம்வரை அந்த நினைப்பு தாக்குப்பிடித்தது. அப்போது ஒரு டாக்டரின் உதவியாள் மாடிப்படி ஏறி வந்து, அவளைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா… நீங்க நல்லாத்தான் இருக்கீங்களா?"

"ஏன், எனக்கென்ன கேடு?"

"டாக்டர் உங்களுக்குப் போன் போட்டாருக்கா. எவனோ எடுத்து, அந்தம்மா செத்துட்டாங்க, இனிமே கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டான்."

செட்டக்கா கையிலிருந்த தேய்ப்புக் கருவியை நிறுத்தினாள். வருகிற தொல்லையைத் தவிர்க்கத் திருடன் கண்டுபிடித்த சுருக்குவழி அது. "சரி, டாக்டர் என்ன சொன்னாரு?"

அவன் நெளிந்தான். "அடப்பாவமேன்னாரு. அப்புறம்… நம்ம மேல்செட்டு ரெண்டு அங்க இருக்கே, அது முடிஞ்சுதான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு."

அவள் சிரித்த சிரிப்பில் மாவுத்தூள் பறந்தது. "முடிச்சு வச்சுட்டுத்தான் செத்தாளாம்னு சொல்லு, எடுத்துட்டுப் போ" என்று டப்பாவை அவன் கையில் திணித்தாள். பதினைந்து வருஷமாக அந்த டாக்டருக்குச் செய்கிறாள். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு டாக்டர்கள் வேலையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகத் தகவல் வந்தது. செத்தவளுக்கு யார் அளவு அனுப்புவார்கள்?

வியாழக்கிழமை காலை மகளைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக் கடைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, பல் கிட்டும் குளிர், கையில் டோக்கன். முக்கால் மணி நேரம் கழித்து கவுண்டரில் இருந்த பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். மேல்வரிசையில் நாலு பல்லுக்கு உறை போட்டிருந்தது. பக்கத்துப் பல்லோடு நிறம் ஒட்டவே இல்லை. சுத்த அவசர வேலை என்று செட்டக்கா மனசுக்குள் கழித்துக் கட்டினாள்.

"ஓனர் நேர்ல வரணும் மேடம்."

"அந்த நம்பரை இத்தனை வருஷமா நான்தாம்மா வச்சிருக்கேன்."

"வச்சிருக்கிறவங்க வேற, ஓனர் வேற மேடம்."

"இப்ப திருடனும்தான் வச்சிருக்கான். அப்ப அவனும் நானும் உங்களுக்கு ஒண்ணுதானா?"

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "சிஸ்டத்துல அப்படித்தான் மேடம். ஓனர் உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

வெளியே வந்ததும் மகள் செருப்பு முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, அப்பா நம்பர் என்கிட்ட இருக்கு."

"எத்தனை நாளா?"

"ஏழெட்டு வருஷமா."

செட்டக்காவுக்குக் கோபப்பட நேரம் இல்லை. "கூப்பிடு. கையோட அடையாள அட்டையை எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள்.

மூன்று மணிக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, செண்டு வாசனை, ஏதோ பரிசு வாங்க வந்தவர் மாதிரி நடை. பேசும்போது மட்டும் கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனார். மேலே முன்பல் இரண்டும் இல்லை.

செட்டக்காவுக்கு ஒரு சங்கடம். 'நீங்க' என்று சொல்ல வாய் வரவில்லை. 'நீ' என்று சொல்ல மனசு வரவில்லை. அதனால் ஆளே இல்லாமல் பேசினாள்.

"உள்ள வரணும். கையெழுத்துப் போடணும். போகணும்."

கவுண்டர் பெண் அவரைப் பார்த்ததும் எழுந்தே நின்றாள். "வாங்க சார், உட்காருங்க சார், தண்ணி சாப்பிடுறீங்களா சார்?" கட்டைவிரலை வைத்த உடனே மெஷின் பச்சை காட்டியது. ஒரு வேலையும் செய்யாத கை. ரேகை அச்சடித்தது போல் புதுசாக இருந்தது.

"நம்பரை பிளாக் பண்ணிடலாமா சார்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "கொஞ்சம் யோசிக்கணும்மா" என்றார். பிறகு செட்டக்கா பக்கம் குனிந்து, கைக்குட்டைக்குள்ளிருந்து, "முன்னாடி ரெண்டு பல்லு போச்சு. நீ செஞ்சு குடுத்தா நல்லாயிருக்கும்" என்றார்.

"பேரம் பேசத்தான் வந்ததா?"

"பேரமில்லை. ஒரு உரிமையில கேக்கிறேன்."

"அப்பா" என்றாள் மகள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. "கையெழுத்துப் போடுங்க."

போட்டார். இரண்டு நாளாக முடியாது முடியாது என்ற வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்தது. புகார் கொடுத்து வாங்கியிருந்த போலீஸ் ரசீதையும், பழைய போன் டப்பாவில் இருந்த நீளமான எண்ணையும் மகள் கொடுத்தாள். அந்தப் போனில் இனி எந்த சிம் போட்டாலும் பேசாது என்றார்கள். செத்துப்போன செய்தியைச் சொல்லத் திருடனுக்கு இனி வழியில்லை.

"அதே நம்பருக்குப் புது சிம் தரலாம் சார்" என்று கவுண்டர் பெண் ஒரு சிறிய அட்டையை நீட்டினாள். "இவங்க பேருக்கு மாத்தணும்னா தனி ஃபாரம். நீங்க சம்மதம் எழுதணும்."

அவர் அட்டையை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும். வேணும்னா வந்து கேக்கட்டும்" என்று சிரித்தார். கைக்குட்டையை மறந்துவிட்டார். அந்த ஓட்டையை செட்டக்கா இரண்டு விநாடி பார்த்தாள்.

"தாராளமா இருக்கட்டும்" என்றாள்.

அவர் போனபிறகு தன் பேரில் ஒரு சிம் கேட்டாள். மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. இன்னொரு விரல், அதுவும் இல்லை.

"உங்களுக்கு ரேகையே இல்லையே மேடம்!"

"பல்லு தேய்ச்சுத் தேய்ச்சுப் போயிடுச்சு. வேலை செஞ்ச கை இப்படித்தாம்மா இருக்கும், பாத்து வச்சுக்கோ."

ஒன்பதாவது விரலில், இடக்கை மோதிர விரலில், பச்சை எரிந்தது. மறுநாள் ஒவ்வொரு டாக்டரிடமும் நேரில் போய், "நான் சாகலை, இது என் புது நம்பர்" என்று துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டு வந்தாள். செட்டுகளை விசாரித்த டாக்டர், "உங்களை நெனச்சு ரொம்ப வேதனைப்பட்டேன்" என்றார். "தெரியும் டாக்டர், ஆள் அனுப்பியிருந்தீங்களே" என்றாள்.

டாக்டர்களுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் இத்தனை வருஷத்தில் செய்து கொடுத்த செட் டப்பா ஒவ்வொன்றிலும் பழைய நம்பர் ஒட்டியிருந்தது. அது எத்தனை வீட்டில் இருக்கும் என்று அவளுக்கே கணக்கில்லை.

பதினாறாம் நாள் காலை அவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"இதை நீயே வச்சுக்க. என்னால முடியலை" என்று சிம்மை மேசைமேல் வைத்தார். "விடிஞ்சதும் ஆரம்பிச்சிடுறாங்க. ஈறு வலிக்குதுங்கிறாங்க, கடிபடுதுங்கிறாங்க. ஒரு பெரியவர் பல்லைக் கழட்டி வச்சுட்டுப் பேசுறார், ஒரு எழுத்து புரியலை."

"ஆஃப் பண்ணி வைக்க வேண்டியதுதானே?"

அவர் தலையைச் சொறிந்தார். முதல் வாரம் அந்த அழைப்புகள் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தன. "நான் பாத்துக்கிறேன், நேர்ல வாங்க" என்று பெரிய மனுஷத் தோரணையில் தன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அந்தப் பெரியவர் சாப்பாட்டு மேசையில், சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில், செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வலிக்கிற இடத்தைக் காட்ட வாயைத் திறந்தாராம். அந்த வீட்டுக்காரி அன்றைக்கு சிம்மோடு சேர்த்து இவரையும் வெளியே நிறுத்தியிருக்கிறாள்.

"பெரியவர் விட்டுட்டுப் போனதையும் கொண்டாந்திருக்கேன்" என்று காகிதத்தில் சுற்றிய செட்டை எடுத்தார்.

செட்டக்கா வாங்கிப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் செய்தது. கீழ்விளிம்பில் ஊசிமுனை அளவு தடிப்பு. மோட்டாரைப் போட்டுத் தேய்த்து, தடவிப் பார்த்து, கழுவித் துடைத்து நீட்டினாள்.

"பெரியவர்கிட்ட குடுக்கணும். சிம் எனக்கு வேண்டாம், என் பேர்ல ஒண்ணு இருக்கு. இதையும் எடுத்துட்டுப் போகணும். கூப்பிடுறவங்களுக்கெல்லாம் என் புது நம்பரைச் சொல்லணும். ஆஃப் பண்ணினா எல்லாரும் வீட்டுக்கே வந்துடுவாங்க, விலாசம்தான் குடுத்தாச்சே."

"எத்தனை நாளைக்கு?"

"பல்செட்டு ஆறேழு வருஷம் உழைக்கும்."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். வரிசையாக இருந்த தாடைகள் எல்லாம் அவரையே பார்த்து வாய் பிளந்திருந்தன. "அப்ப என் பல்லு?" என்றார் மெதுவாக.

"டாக்டர்கிட்ட போய் அளவு குடுக்கணும். வரிசையில வரும். வர்றது யார் வாயின்னு நான் பாக்கிறதில்லை."

சிம்மையும் செட்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அடுத்த வாரம் செட் சரிபண்ண வந்த ஒரு அம்மா கேட்டாள்: "பழைய நம்பர்ல ஒருத்தர் எடுத்து பணிவா உங்க நம்பரைச் சொன்னாரே, உங்க ஆபீஸ்ல வேலை பாக்கிறவரா?"

"ஆமாம்" என்றாள் செட்டக்கா. "புதுசா சேந்திருக்காரு. வாயைத் திறங்க, எங்க வலிக்குதுன்னு பாப்போம்."