டாக்டரும் ஒரு வாய் குடிக்கட்டும்

எங்கள் கண்ணாடிக் கடையில் அவருக்கு ஸ்கேல் அண்ணன் என்று பெயர். கண்ணாடி வெட்டுவதென்றால் கட்டரால் ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும்; பாதியில் தயங்கினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அண்ணன் ஸ்கேல் வைக்காமலே நேர்கோடு போடுவார். பக்கத்து மேஜையில் சட்டம் அடிக்கிற எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான்.

அவருக்கு மனச்சிதைவு நோய். யாரும் இல்லாதபோதும் குரல்கள் கேட்கும். கண்ணாடி வேலையில் அரிச்சுவடிகூடத் தெரியாத குரல்கள், ஆனால் யோசனை மட்டும் மூட்டை மூட்டையாகச் சொல்லும், நம் உறவுக்காரர்களைப் போல. ஒருமுறை, கடையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளெல்லாம் தன்னை வேவு பார்க்கின்றன என்று அத்தனையிலும் செய்தித்தாள் ஒட்டிவிட்டார். வாங்க வந்த ஒரு அம்மா தன் முகத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத் தலைப்புச் செய்தியைப் படித்துவிட்டுப் போனாள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாம்.

மாத்திரை வேலை செய்தது, அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். குரல்கள் அடங்கின. ஆனால் கூடவே கை நடுங்கியது, நாக்கு தடித்தது, மத்தியானத்தில் நின்றபடியே தூங்கினார். கோடு பாம்பாக நெளிந்தது. கடை முதலாளி அவருடைய தங்கை கணவர்தான். மச்சானாயிற்றே என்று ஒன்றும் சொல்லாமல், கட்டரை வாங்கிக்கொண்டு துடைக்கிற துணியைக் கொடுத்தார். அண்ணனுக்கு அது செருப்படி. பழைய கை வேண்டுமென்று மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்த் துப்ப ஆரம்பித்தார்.

தங்கை கண்டுபிடித்துவிட்டாள். சண்டை போடவில்லை, பொடி செய்து காபியில் கலந்தாள். கண்ணாடியில் மயிரிழைக் கீறலைக் காட்டுகிற ஆளுக்குக் காபியில் கசப்பு தெரியாதா? நேரே டாக்டரிடம் சொன்னார்.

"வீட்டுல எனக்கு ஏதோ கலந்து குடுக்கறாங்க டாக்டர்."

டாக்டர் தலையாட்டினார். ஐயோ பாவம், சந்தேகம் முற்றிவிட்டது என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார். தங்கை பக்கத்திலேயே ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கூட்டிய அளவும் காபிக்கே போனது. அண்ணன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதை நிறுத்தினார். அதையும் வியாதிக் கணக்கில் சேர்த்தார்கள்.

அடுத்த முறை கடை வேனில் நான்தான் அண்ணனையும் தங்கையையும் டாக்டரிடம் கூட்டிப் போனேன், உள்ளேயும் கூடவே உட்கார்ந்தேன். அண்ணன் கையில், தங்கை அவருக்கென்று காபி போட்டுக் கொடுத்த வீட்டு பிளாஸ்க். டாக்டர் பேச ஆரம்பிப்பதற்குள் மூடியில் காபியை ஊற்றி நீட்டினார். பாதி மேஜையில் சிந்தியது.

"ஒரு வாய் குடிங்க டாக்டர்."

டாக்டர் நல்ல மனுஷன், மறுக்கத் தெரியாதவர். மூடியை உதட்டருகே கொண்டுபோனார்.

"வேணாம் டாக்டர்," என்றாள் தங்கை. "அதுல மாத்திரை இருக்கு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் மூடியைக் கீழே வைத்தார். அப்புறம்தான், இத்தனை மாதத்தில் முதல்முறையாக, "மாத்திரை சாப்பிட்டா உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று அவரையே கேட்டார். அண்ணன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். முன்பு உள்ளே போன மருந்து இன்னும் இறங்கவில்லை; அவை தாமாகவே தாளம் போட்டன.

டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார். "நடுக்கம் குறையும். முழுசா போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஒத்துக்கலைன்னா என்கிட்ட சொல்லுங்க, துப்பாதீங்க."

வெளியே வந்ததும் தங்கை அழுதாள். "மறுபடியும் உனக்கு முத்திடுமோன்னு பயந்துட்டேண்ணே. கண்ணாடி பாக்குதுன்னே, குரல் திட்டுதுன்னே. காபியில கலக்கறாங்கன்னு நீ சொன்னதையும் டாக்டர் அதோட சேத்துட்டாரு, நான் என்ன பண்றது?"

"அதெல்லாம் வியாதிம்மா," என்றார் அண்ணன். "இது நீ."

அவள் கைப்பையிலிருந்து புது மாத்திரை அட்டையை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். அதை அவர் விழுங்குவாரா துப்புவாரா என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.