எங்கள் கீரைச் சேர்

வாவிக்கு அப்பால் படுவான்கரையில் தில்லைநாதன் சேர் காலமாகிவிட்டார் என்று மீன் வியாபாரி ஒருவர் வந்து சொன்னபோது, அடக்கம் முடிந்து சில நாட்களாகியிருந்தன. சண்டையால் இராணுவம் துறையை மூடியிருந்தது, தோணி ஓடவில்லை. ஒரே பாடசாலையில் என்னோடு படிப்பித்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட எனக்குக் கிடைக்கவில்லை. வாவிக்கு இப்பால் செட்டிபாளையத்து வீட்டில் தனியே இருந்து இதை எழுதுகிறேன்.

விஞ்ஞான ஆசிரியரான அவரை ஊரார் 'கீரைச் சேர்' என்றே அழைத்தார்கள். கூப்பிட்ட கூட்டத்துக்கெல்லாம் போய் வல்லாரை, முருங்கையிலை, மஞ்சள், உள்ளி என்று தொடங்கிவிடுவார். செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் சில பொருட்கள், சாப்பாட்டோடு நமக்குள் வந்தால் புற்றுநோய் வராமல் தடுக்க உதவக்கூடும் என்பார். பால்மாவும் சவர்க்காரமும் ஊருக்குள் வராமல் இராணுவம் மறித்திருந்த காலம் அது. "வேலியில நிக்கிற கீரைய மறிக்க எந்த ஆமிச் சென்றியாலயும் ஏலாது" என்று சிரிப்பார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி பரமேஸ்வரி மட்டும் அப்படியே நம்பினாள்.

வெற்றிலையும் புகையிலையும் ஓயாத அவள் வாயில், கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டுவார்கள் என்ற பயத்தில் எனக்கும் மறைத்து, கீரையைத் தின்று மஞ்சளைப் பூசி மாதக்கணக்கில் காத்திருந்தாள்.

ஒரு மாலை சேர் வந்தார். வந்தவருக்கு வெற்றிலை வட்டாவை நீட்டி, கூடவே நாமும் போடுவது எங்கள் பக்க மரியாதை. அவள் நீட்டினாள், போடவில்லை.

"ஏன் தங்கச்சி, நீங்க போடல்லயா?"

"விட்டுட்டன் சேர். இப்ப கீரைதான்."

"வாயத் திறங்க, பாப்பம்."

ஒரு விரல் நுழையுமளவுக்குத்தான் திறந்தது. சேர் எழுந்துவிட்டார்.

"மாடு உள்ளுக்க வந்தாப் பிறகு வேலி கட்டி என்ன செய்ற? கீரை இதுக்கு மருந்தில்ல, புள்ள. நாளைக்கே கொழும்புக்கு வெளிக்கிடுங்க. நானும் வாறன்."

வழியில் ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து அவரை மட்டும் இறக்கினார்கள். நாங்களும் இறங்கப் போனோம். "எனக்காக நிக்காதீங்க, போங்க!" என்று கத்தினார். போனோம். ஆஸ்பத்திரியில் அவளுக்கு வெட்டிய அன்றும் அவர் எங்கே என்று தெரியாது. நாங்கள் திரும்பி வந்து பல வாரங்களுக்குப் பிறகுதான் அவரை விட்டார்கள். வலது காது கேளாமல் போயிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஆனால் அதன்பின் எந்தக் கூட்டத்திலும், "வாயில ஆறாத புண் இருக்கிறவங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க, பிறகு கீரையப் பத்திக் கதைப்பம்" என்றுதான் தொடங்கினார்.

பரமேஸ்வரி பிறகும் பல வருடங்கள் என்னோடு இருந்தாள். போன மாரியில் காய்ச்சல்தான் அவளைக் கொண்டுபோனது, அந்த நோயல்ல.

சேர் எனக்கென்று விட்டுப்போனது அந்த வருடங்கள். அவற்றைப் பற்றி நான் இருந்து கதைக்கக்கூடிய இருவரும் இப்போது இல்லை.