வாங்கில் இருந்தபடி நீண்ட கை

பிலோமினா அன்ரி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்ற செய்தி சனிக்கிழமை காலை எங்கள் அறைக்கு வந்தது. அம்மா தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அழுதார். கொட்டாஞ்சேனையில் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு ஒட்சிசன் இயந்திரமும் சிலிண்டரும் இரவல் கொடுக்கும் அந்தச் சிறிய அறையைத் தொடங்கியவர் அன்ரிதான். அவரோடு சேர்த்து வேலை செய்தவர்கள், அம்மா உட்பட, நால்வர். சனிக்கிழமைகளில் பதிவேடு எழுத நானும் போவேன். அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்ரி துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். "ஒராள் வராட்டி வேலை நிண்டா அது சங்கம் இல்ல, அந்த ஆள்ட வீடு" என்பார். ஆகவே மாதம் ஒருநாள் பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு பெயர்ச் சீட்டு எடுப்பார். பெயர் வந்தவர் வாசலில் போட்டிருந்த நீள மரப்பலகை வாங்கில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். மற்றவர்கள் அவர் இல்லை என்று வைத்து வேலையை நடத்த வேண்டும். ஒருமுறை அம்மா வாங்கிலிருந்து இருமினார்.

"செத்த ஆள் இருமுறதில்ல, ஜெயந்தி" என்றார் அன்ரி. எல்லோரும் சிரித்தோம்.

அவருடைய பெயரும் ஒருநாள் வந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் விறைப்பாக இருந்தார். சிலிண்டர் திறக்கும் சாவி தேவைப்பட்டபோது மட்டும், கைப்பையிலிருந்து எடுத்து, எங்களைப் பார்க்காமலே நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டார். நான் பதிவேட்டில் 'தடை எதுவும் இல்லை' என்று எழுதினேன்.

செய்தி வந்த அன்று, அரை மணி நேரத்துக்குள் மின்சாரம் நின்றது. அறைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் அந்தோனி மாமாவுக்கு நாங்கள் கொடுத்திருந்த இயந்திரமும் நின்றது. அம்மாவும் நானும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடினோம். சாவி ஆஸ்பத்திரியில், அன்ரியின் கைப்பைக்குள் இருந்தது. கராஜிலிருந்து ஒருவர் ஸ்பனர் கொண்டு வரும்வரை மாமாவின் உதடுகள் நீலமாவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாமா பிழைத்தார். ஆனால் இப்போது அவர் கதைப்பது குறைவு. செத்த வீட்டில் அவர் மனைவி, "தனியப் போக ஏலாம இவரையும் கூப்பிட்டிருக்கிறா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்ரியின் பிஸ்கட் டின்னை நான் வைத்திருக்கிறேன். புதுச் சாவி சுவர் ஆணியில் தொங்குகிறது. இனிப் பெயர் வந்தவர் வாங்கில் இருக்க முடியாது. கைப்பையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அறையை இப்போது அம்மா நடத்துகிறார். முதல் சீட்டில் அவருடைய பெயரை எழுதினேன்.

"வடிவா எழுது" என்றார் அம்மா.