கை கிளட்ச் வைத்த ஜீப்

மற்ற ஜீப்புகளில் டிரைவர் பக்கத்துத் தரையிலிருந்து மூன்று கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று கியருக்கு, இரண்டு சேற்றில் நான்கு சக்கரத்தையும் இழுக்க வைப்பதற்கு. என் ஜீப்பில் நான்கு கம்பிகள். அந்த நான்காவது கம்பியை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுவதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்தேன். ஏற்றியும் விட்டேன். இதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. இடது கால் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். முழங்காலுக்கு மேல்வரை இரும்புப் பட்டை, கக்கத்தில் ஒரு கட்டை. எங்கள் வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள். என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அப்பா எவ்வளவோ பார்த்தார். நான் வாழைத்தார் வியாபாரத்துக்குப் போனேன். உட்கார்ந்தே இருக்கிறவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்புதான் காரணம், வேறொன்றுமில்லை.

சீவலப்பேரியிலிருந்து கொற்கை வரைக்கும் ஆற்றோரத்துத் தோப்புகளில் தார் பிடிப்பேன். தாரை நேரில் பார்த்து, காயின் முனையைத் தடவி, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கணித்து விலை சொல்ல வேண்டும். ஆளை அனுப்பினால் தோப்புக்காரர்கள் மதிக்கமாட்டார்கள். தோப்புக்குப் போகும் வழியோ வாய்க்கால் கரை. ஐப்பசி பிறந்தால் மாட்டு வண்டியே அச்சு வரை புதையும். அதற்காகத்தான் ராணுவத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வாங்கினேன். பழைய சொந்தக்காரர் டீசல் இன்ஜின் மாற்றி, அதை முறையாகப் பதிந்தும் வைத்திருந்தார். ஓட்ட ஒரு டிரைவர் இருந்தார். அவர் வந்தால் நான் வியாபாரி. அவர் வராத நாளில் நான் வெறும் நொண்டி, வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனியில், அவர் தொடர்ந்து நாலு நாள் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நேரே மேலப்பாளையத்து மெக்கானிக் பாயிடம் போனேன். எனக்கு வலது கால் உண்டு, பிரேக்கும் ஆக்சிலேட்டரும் அது பார்த்துக்கொள்ளும், கிளட்சுக்கு மட்டும் வழி சொல்லும் என்றேன். பாய் ஜீப்பைச் சுற்றி வந்தார், என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“கட்டை ஊணி ஊணி கை நல்லாத்தான் இருக்கு. கால் செய்யுத வேலைய கை செய்யட்டும்வே. என்ன இப்ப?”

ஓட்டை வேன் ஒன்றின் ஹேண்ட் பிரேக் கம்பியை எடுத்து கிளட்சோடு இணைத்தார். கம்பியை இழுத்தால் கிளட்ச் அமுங்கும், பல்லில் மாட்டி அப்படியே நிற்கும். அதே கையால் கியரைப் போட்டுவிட்டு, கம்பி உச்சியில் உள்ள பொத்தானை அழுத்திப் பையப் பைய விட வேண்டும். முதல் வாரம் ஜீப் ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது. ஒரு மாதத்தில் வாய்க்கால் கரையில் தனியாகவே ஓட்டினேன். ஆசை அதோடு நின்றதா? மட்கார்டுக்கு வெளியே துருத்தும் பெரிய டயர், முன்னால் தண்டவாளம் மாதிரி ஒரு பம்பர், கூரை மேல் நாலு லைட் என்று ஒவ்வொன்றாக ஏறின. பார்ப்பதற்குக் கல்குவாரிக்குப் போகிற வண்டி மாதிரி இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

திருச்செந்தூர் ரோட்டில் பாதயாத்திரைக்காரர்கள் பச்சை வேட்டி கட்டி நடந்துகொண்டிருந்த நாளில் போலீஸ் கை காட்டியது. சப் இன்ஸ்பெக்டர் லைட்டை எண்ணினார், டயரைப் பார்த்தார், கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்து நாலாவது கம்பியைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. எனக்கு லைசென்ஸும் இல்லை, வண்டியின் மாற்றத்துக்குப் பதிவும் இல்லை. இரண்டும் இல்லாமல் இன்னொரு தடவை ரோட்டில் பார்த்தால் ஜீப் ஸ்டேஷனில்தான் நிற்கும் என்று சொல்லி, என்னோடு வந்திருந்த ஒரு தோப்புக்காரரை ஓட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் எரிச்சல்.

ஆக, கதை இவ்வளவுதான்: பதிவு கிடைத்தால் நான் என் வண்டியை நானே ஓட்டலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் டிரைவர் வருகிறாரா என்று ரோட்டைப் பார்த்து உட்கார வேண்டும்.

லைட்டைக் கழற்றினேன். பம்பரை அறுத்தேன். டயரை மாற்றினேன். மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் செய்தேன். எலும்பு டாக்டர் ஒருவர் என்னைப் புரட்டிப் போட்டுப் பார்த்து, ‘பிறர் உதவியின்றி வண்டியில் ஏறி இறங்கவும் ஓட்டவும் வல்லவர்’ என்று சான்றிதழ் கொடுத்தார். பொய்யில்லை. தோப்பில் யாரும் இல்லாதபோது நான் தனியாக ஏறுவேன். கட்டையை உள்ளே போட்டுவிட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கூரைக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கி எறிந்து, அப்புறம் இடது காலைக் கையால் அள்ளி உள்ளே வைக்க வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது. அதனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் மூத்த லோடுமேன் என்னைத் தூக்கி வைத்துவிடுவார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். தார் சுமக்கும் மூவரில் அவருக்கு மட்டும்தான் அந்த உரிமை. மற்றவர்கள் கை வைத்தால் முறைப்பார். கக்கத்தில் கை கொடுத்து ஒரே மூச்சில் சிம்மாசனத்தில் வைப்பதுபோல் வைப்பார். நானும் அவர் மனம் கோணக் கூடாது என்றுதான் விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோதனை நாளன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்கு லோடுமேன்கள் மூவரும் குளித்து விபூதி பூசி, கல்யாணத்துக்கு வருவதுபோல் வந்திருந்தார்கள். எட்டுப் போட வந்தவர்கள், லாரி டிரைவர்கள், புரோக்கர்கள் என்று நூறு பேர் இருப்பார்கள். வண்டியையும் ஓட்டுகிறவரையும் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர். டாக்டர் சான்றிதழைக் கையில் வைத்து, ‘பிறர் உதவியின்றி’ என்கிற வரியில் விரலை வைத்துக்கொண்டே, “வண்டியை எடுங்க” என்றார். சொல்லி முடிக்கவில்லை. மூத்த லோடுமேன் ஓடி வந்து என்னைத் தூக்கிச் சீட்டில் வைத்துவிட்டுத் துண்டால் என் செருப்பையும் துடைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதுல டாக்டர் பொய் சொல்றாரா, நீங்க சொல்றீங்களா?”

“எனக்குத் தானா ஏறத் தெரியும் சார்.”

“அப்ப இறங்கி ஏறிக் காட்டுங்க.”

நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு புரோக்கர் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “நான் என்ன சர்க்கஸ் காட்டவா வந்திருக்கேன்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “வண்டி தீப்பிடிச்சா உங்க ஆள் வர்ற வரைக்கும் காத்திருப்பீங்களா? அடுத்த மாசம் வாங்க” என்று ஃபைலை மூடினார்.

டிரைவர் வண்டியை வெளியே எடுத்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்தால்தான் எனக்கு மற்றவர்கள் மேல் கோபம் அதிகமாகும். “உம்ம யாருவே தூக்கச் சொன்னது? எல்லாத்தையும் கெடுத்துட்டீரே” என்று மூத்த லோடுமேனைப் பிடித்துக் கத்தினேன். அவர் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் வேலைக்கு வந்தார், ஆனால் நான் வண்டியிடம் போனதும் பத்தடி தள்ளிப்போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறு வழியில்லாமல் எங்கள் தெருவில், பால்காரர், எதிர்வீட்டு மாமி, டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் பார்க்க, முதல் தடவையாக நானே ஏறினேன். சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. காது சூடாகிவிட்டது.

பாதி வழியில், இதையே பழக்கமாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஓட்டுவது டிரைவர்தான், ஆனால் ஏறி இறங்குவது நான். டீக்கடை வாசலில் இறங்கினேன், ஏறினேன். ஸ்ரீவைகுண்டத்தில் சந்தை கூடுகிற நேரத்தில் இறங்கினேன், ஏறினேன். தேவையே இல்லாமல் நாங்குநேரி வரை போய், பெருமாள் கோயில் தேரடியில், கூட்டத்துக்கு நடுவில் இறங்கி ஏறினேன். முதல் வாரம் எல்லாரும் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பாதிப் பேர். மாதக் கடைசியில் எதிர்வீட்டு மாமி நான் பாதி ஏறித் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே, “தம்பி, ரெண்டு சீப்பு நாட்டுக்காய் கெடைக்குமா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவப் பார்த்தது.

மறுபடி மைதானத்துக்குப் போனபோது லோடுமேன்களை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மூத்தவர் மட்டும் வந்து கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். நான் கட்டையை உள்ளே போட்டேன், முதுகைத் திருப்பினேன், ஏறினேன், காலை அள்ளி வைத்தேன். இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, “ஜங்ஷன் மேம்பாலத்துக்கு விடுங்க” என்றார்.

நான் பயந்தது அதற்குத்தான். ஏற்றத்தின் நடுவில், முன்னால் ஒரு டவுன் பஸ் புகை கக்கிக்கொண்டு போக, “நிறுத்துங்க” என்றார். நிறுத்தினேன். பின்னால் ஒரு லாரி வந்து ஒரு முழம் இடைவெளியில் நின்றது. “எடுங்க.” வலது கால் பிரேக்கில். அதை எடுத்தால் வண்டி லாரியில் சாயும். இடது கைக்கோ கிளட்சும் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்து இரண்டு வேலை. பழைய ஜீப்புகளில் டாஷ்போர்டில் கையால் இழுக்கும் ஆக்சிலேட்டர் குமிழ் ஒன்று இருக்கும். துருப்பிடித்துக் கிடந்த அதை மெக்கானிக் பாய் எனக்காக உயிர்ப்பித்துக் கொடுத்திருந்தார். அதை அரை அங்குலம் இழுத்தேன். இன்ஜின் உறுமியது. பிரேக்கில் காலை வைத்தபடியே பொத்தானை அழுத்தி கிளட்சைப் பைய விட்டேன். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியது. காலை எடுத்தேன். ஜீப் ஒரு விரல்கடை கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது.

பாலத்து உச்சியில் இன்ஸ்பெக்டர் கேட்டார், “இந்தக் குமிழ் யாரு ஐடியா?”

“மேலப்பாளையத்து பாய் சார்.”

“அதையும் சேர்த்து எழுதிடறேன். பின்னால வர்றவன் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.”

எழுதினார். வண்டி எனக்காக மாற்றி அமைக்கப்பட்டது என்று ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வரி. நான் இந்த நம்பர் வண்டியை மட்டும் ஓட்டலாம் என்று லைசென்ஸில் ஒரு வரி. அதை ஒரு குறை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜில்லாவில் ஆயிரக்கணக்கான லைசென்ஸ் இருக்கலாம், சொந்த வண்டியின் நம்பர் எழுதிய லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு நூறு பேர் முன்னால் அதை விரித்து விரித்துப் படித்தேன். வெற்றிலை மென்ற அந்தப் புரோக்கரிடம் நானாகவே போய்க் காட்டினேன்.

கேட்டுக்கு வெளியே ஜீப்பை நானே ஓட்டி வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். மூத்த லோடுமேன் முகம் முழுக்கச் சிரிப்பு. அங்கிருந்த டீக்கடைக்காரரிடம், “எங்க அண்ணாச்சி தானா ஏறுதாரு, தானா ஓட்டுதாரு, பாத்தீரா?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் என் காதில் விழ அவர் பேசிய முதல் பேச்சு, அதுவும் என்னிடமில்லை.

“ஏறும்வே, முன்னால உக்காரும்” என்றேன்.

அவர் படியில் ஒரு காலை வைத்தார். மறு காலைத் தூக்க முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் வியர்வை.

“என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா ஒரு பிடிப்பு. பைய ஏறிருவேன்.”

“எத்தன நாளா இருக்கு?”

அவர் ஜீப்பின் தகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “ரெண்டு வருசம் இருக்கும். தார் தூக்கையில தெரியாது. உங்கள தூக்கையிலதான் கொஞ்சம் தெரியும்.” அப்புறம் அவசரமாக, “நூறு பேர் முன்னால நீங்க கஷ்டப்பட்டு ஏற வேண்டாம்னுதான். வேற ஒண்ணுமில்ல” என்றார்.

  வலது கையால் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையை அவருக்கு நீட்டினேன். அவர் தயங்கினார். “பிடியும்வே” என்றேன். பிடித்தார். முப்பது வருடமாகக் கட்டை ஊன்றிய கை. ஒரே இழுப்பில் அவர் என் பக்கத்துச் சீட்டில் இருந்தார்.