கழற்றி வைத்த கதவுகள்

தாய் தந்தையர் இட்ட பெயர் அவருக்குச் சம்பளச் சீட்டில் மட்டுமே எஞ்சியிருந்தது. தொழிற்சாலையில் வாயிற்காவலர் முதல் தலைமை வடிவமைப்பாளர் வரை எல்லோர் நாவிலும் அவர் செவியார். வண்டிக் கதவு சாத்தும்போது எழும் ஓசையைச் செம்மை செய்வது அவர் தொழில். அதிலேயே தலை நரைத்தவர்.

“கதவை அறைஞ்சு அறைஞ்சு பாக்குறதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு சம்பளம்! எங்க வீட்டுல மச்சானுக்குக் கோவம் வந்தா இதைச் சும்மாவே செய்றான்” என்று உணவுக்கூடத்தில் யாராவது சீண்டுவார்கள்.

“வண்டி வாங்க வர்றவன் முதல்ல என்னத்தைப் பாக்குறான்? எஞ்சினையா? கதவைத் திறந்து சாத்திப் பாக்குறான். அந்த ஒரு சத்தத்துலயே பாதி மனசு படிஞ்சுடும். மீதிப் பாதிக்குத்தான் நீங்க எல்லாரும் இருக்கீங்க” என்பார் செவியார், தட்டிலிருந்து தலை நிமிராமல்.

பிறர் ஒன்றெனக் கேட்கும் ஓசையை அவர் செவி மூன்றாகப் பகுத்துக் கேட்கும். பூட்டின் நாக்கு கொக்கியைப் பற்றுவது முதலாவது. கதவோர ரப்பர் அவ்விசையை ஏற்பது அடுத்தது. வெளித்தகடு நடுங்கி அடங்குவது கடைசி. கடைசி நடுக்கம் நீண்டால் வண்டி தகர டப்பா. பட்டென்று அடங்கினால் அரண்மனை.

அத்தகைய செவிக்கு ஒரு தீராத் துன்பம் இருந்தது. மனைவி இறந்த நாள்தொட்டு, அவள் வேலைவிட்டு வீடு திரும்பும் மாலை வேளையில், வாசலில் அவளுடைய வண்டிக் கதவு சாத்தும் ஓசை கேட்டு வந்தது. கனவன்று, மயக்கமன்று. நாக்கும் ரப்பரும் தகடும் முறை பிறழாமல் ஒலித்தன. வண்டியோ என்றோ நசுங்கிப் பழைய இரும்போடு உருகிப் போயிற்று. ஒரு காலைப்பொழுதில் கிளம்பியவள் சாலை வளைவில் லாரியில் மோதி முடிந்துபோனாள். மகள் அப்போது பள்ளிச் சிறுமி. ஆண்டுகள் கழிந்தன, ஓசை கழியவில்லை. அது கேட்டதும் செவியார் எழுவார். செருப்பைத் தேடாமல் முன்வாசல் கடந்து இரும்புக் கேட்டைத் திறப்பார். தெருவிளக்கின் ஒளியில் வெறுந்தெரு கிடக்கும். சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார்.

வந்துவிட்டாள் என்பதே அவ்வொலியின் பொருள் என்பதில் அவர் ஒருநாளும் ஐயுற்றதில்லை.

மகள் வளர்ந்து, கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கும் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். தந்தை வாசலிலிருந்து வரும்போது அவள் எதுவும் கேட்பதில்லை. “டீ ஆறுதுப்பா” என்பாள். அவ்வளவுதான்.

இந்நிலையில்தான் புதிய வண்டியின் வேலை வந்தது. பாறையும் சேறும் மணல்மேடும் ஏறி இறங்கும் உயரமான வண்டி. கூரை துணியாலானது, சுருட்டிப் பின்னால் கட்டிவிடலாம். கதவுகள் நான்கையும் கீலிலிருந்து தூக்கிக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, காற்றும் வெயிலும் மேலே படிய ஓட்டிச் செல்லலாம். வரைபட அறையில் அதற்குக் ‘கரட்டு வண்டி’ என்று பெயர் விழுந்தது.

கீல்களை வடிவமைத்தவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. உரத்த குரல், அதனினும் உரத்த சிரிப்பு. எல்லோருக்கும் அவர் கீலக்கா. கதவைக் கழற்றினால் பக்கக் கண்ணாடியும் கூடவே போய்விடுமே என்று, அதைக் கதவிலிருந்து பெயர்த்து முன்கண்ணாடி ஓரத் தூணில் நிறுத்தியவர் அவரே. அவருக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்: துணைக்கு ஆளின்றி, எவரும் தம் இரு கையால் கதவைத் தூக்கி எடுக்க முடிய வேண்டும். அதற்காகத் தகடு இளைத்தது, கம்பி இளைத்தது, கைப்பிடிகூட இளைத்து வெறும் நைலான் பட்டையாயிற்று.

முதல் மாதிரிக் கதவைச் செவியார் சாத்திப் பார்த்தார். பெட்டிமூடி தரையில் விழுந்தது போலிருந்தது. ஆயினும் நாக்கு பற்றிய அந்த முதல் ஒலி அவரை அசையவிடாமல் நிறுத்திற்று. மனைவியின் வண்டியும் எளியது, மெல்லிய தகட்டால் ஆனது. இறந்தவளின் தொண்டையிலிருந்து ஓர் எழுத்து மட்டும் எழுந்து வந்தது போல அவர் மெய் சிலிர்த்தது.

அன்று அவருள் ஓர் ஆசை வேர்கொண்டது. வெறுந்தெருவில் மாலைதோறும் கேட்கும் ஓசையை இந்தக் கதவில் இறக்கிவிட வேண்டும். கண்ணால் காணும் ஒரு கதவு, கையால் தொடும் ஒரு கதவு, ஒரேயொரு முறை அவ்வாறு சாத்திக்கொண்டால் போதும். அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்காமல் இரங்கினால் அது அதனினும் கொடிது.

தகடு அடங்குவதற்காகக் கதவின் உள்ளே தார் அட்டை ஒட்டினார். போதவில்லை. மேலும் ஒட்டினார். ரப்பரைத் தடித்ததாக மாற்றினார். துணிக்கூரை போர்த்திய நிலையில் கதவைச் சாத்தினால் உள்ளிருந்த காற்று துணியை மெல்ல உப்பச் செய்து அடங்கியது. உறங்கும் ஒருத்தி மூச்சு வாங்கி விட்டாற்போல் இருக்கும் அதைப் பார்க்க மாட்டாமல் அவர் தலை திருப்பிக்கொள்வார்.

“அண்ணே, நான் நேத்து பாடுபட்டு நூறு கிராம் குறைச்சேன். இன்னைக்கு நீங்க அரைக்கிலோ ஏத்தி வச்சிருக்கீங்க. என்ன நியாயம் இது?” என்று கீலக்கா மல்லுக்கு நின்றார்.

“கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. தகடு இன்னும் அடங்கல.”

“தகடு அடங்குறதுக்குள்ள தூக்குறவன் இடுப்பு அடங்கிடும். கழட்டுற கதவு கேட்டா, கோட்டைக் கதவு பண்றீங்களே!”

கதவின் வடிவம் முடிவாகி, தகடு அடிக்கும் அச்சுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. தலைமை வடிவமைப்பாளர் முன்னிலையில் கீலக்கா ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் தூக்கிக் காட்ட முனைந்தார். கீலிலிருந்து எழுந்த கதவு பாரம் தாங்காமல் சரிந்து அவர் முழங்காலில் இறங்கியது. செவியார் ஓடிப்போய்க் கதவைத் தாங்கிப் பிடித்தார்.

செவியாரைவிட வயதில் இளையவர் தலைமை வடிவமைப்பாளர். அவர் செவியாரைத் தனியே அழைத்தார். “சார், உங்க காது மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா இந்த வாரத்துக்குள்ள எடை இறங்கலைன்னா, கதவை வேற ஆள் கையில குடுக்குறதைத் தவிர வழியில்ல. தப்பா நினைக்காதீங்க.”

தலையசைத்தார் செவியார். கதவு கைமாறினால் அவளுடைய ஓசையும் கைநழுவும் என்னும் ஒரே எண்ணமே அவருள் சுழன்றது.

மறுநாள், எதிரொலி எழாதபடி அடைத்த ஒலிச்சோதனை அறைக்குள் அவர் நுழைந்தபோது, முழங்காலில் கட்டோடு கீலக்கா தரையில் அமர்ந்திருந்தார். அருகே, மாதிரி வண்டியின் ஓட்டுநர் பக்கக் கதவிலிருந்து உரித்தெடுத்த தார் அட்டைகள் குவிந்து கிடந்தன.

“யாரைக் கேட்டு உரிச்ச?”

“என் முட்டியைக் கேட்டு.”

“எத்தனை நாள் உழைப்பு தெரியுமா அது?”

“தெரியும்ணே. என்ன சத்தத்துக்கு உழைக்கிறீங்கன்னுதான் தெரியல. கேட்டா சொல்லவும் மாட்டீங்க. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க.” சொல்லிக்கொண்டே நொண்டியபடி வண்டிக்குள் ஏறி அமர்ந்தார். “கத்தணும்னா கத்துங்க. கதவைச் சாத்திக்கிறேன், எனக்குக் கேக்காது.” நைலான் பட்டையைப் பற்றிக் கதவை உள்ளே இழுத்தார்.

கதவு சாத்திக்கொண்டது.

நாக்கு. ரப்பர். தகடு. மயிரிழையும் பிசகவில்லை. எத்தனையோ மாலைகளாக அவரைப் பாயிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுப்பி வாசலுக்கு இழுத்த அதே ஒலி, வெயில் எரியும் நண்பகலில், எட்டிப் பிடிக்கும் தொலைவில் நின்று ஒலித்தது. செவியார் சுவரைப் பற்றிக்கொண்டார்.

கீலக்கா பதறி இறங்கினார். “என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? தண்ணி கொண்டாரவா?”

“வேணாம். நீ... வெளிய நின்னு சாத்து.”

அவர் வெளியே நின்று தள்ளிச் சாத்தினார். தகர டப்பா.

“இப்போ உள்ள ஏறி உக்காந்து, அந்தப் பட்டையைப் புடிச்சு இழு.”

மீண்டும் அதே ஒலி. துணிக்கூரை ஒரு மூச்சு வாங்கி அடங்கியது.

தொழில் அறிந்த செவிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வெளியே நின்று தள்ளும் கதவு வீச்சோடு மோதும். உள்ளே அமர்ந்து இழுக்கும் கதவைக் கை கடைசிவரை விடுவதில்லை, அமர்ந்திருக்கும் உடல் நடுக்கத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். உள்ளே ஒருவர் இல்லாத குறையை ஈடு செய்யத்தான் அத்தனை தாரையும் அவர் ஒட்டியிருக்கிறார். இத்தனை காலம் அவர் கேட்டது, வண்டியிலிருந்து இறங்கிக் கதவு சாத்தியவளின் ஒலியன்று. ஏறி அமர்ந்து சாத்தியவளின் ஒலி. வந்த ஓசையன்று, போன ஓசை.

அன்று மாலை வீட்டில் மகளை எதிரே அமர்த்திக்கொண்டு கேட்டார். அதுவரை அவ்வீட்டில் எவரும் கேட்டிராத கேள்வி அது.

“பாப்பா, அன்னைக்குக் காலையில அம்மா கிளம்புனப்போ நான் எங்க இருந்தேன்?”

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். “இதோ, இந்த ஜன்னல்கிட்ட. காதுல அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கிட்டு, ஆபீஸ் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தீங்க.”

“அம்மா ஏதாவது சொன்னாளா?”

“போயிட்டு வரேன்னு சொன்னாங்க. ரெண்டு தடவை. நீங்க திரும்பல. ‘உங்கப்பாவுக்கு உலகத்துக் கதவெல்லாம் கேக்கும், நான் சொல்றது மட்டும் கேக்காது’ன்னு என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனாங்க.”

“கழட்டுனேனே, பாப்பா. ஹெட்போனைக் கழட்டுனேன். அப்போ கதவு சாத்துற சத்தம் மட்டும் கேட்டுது.”

“அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நீங்க தினமும் கேட்டைத் திறக்குறீங்கன்னு எனக்குத் தெரியும்பா.” அவள் குரல் தாழ்ந்தது. “நான் என்னன்னு சொல்றது?”

மறுநாள் மற்ற மூன்று கதவுகளின் தார் அட்டைகளையும் செவியாரே வெப்பக்காற்று ஊதி இளக்கி உரித்தார். கீலக்கா இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை வடிவமைப்பாளர் வந்து கதவைச் சாத்திப் பார்த்து முகம் சுளித்தார்.

“சார், டப்பா மாதிரி இருக்கே?”

“வெளிய நின்னு சாத்துனா அப்படித்தான் இருக்கும். ஆள் உள்ள இருந்தா சரியா இருக்கும். கழட்டுற கதவுங்க இது. எடை இல்லாம இருந்தாத்தான் கதவு.”

“நீங்களா பேசுறது?” என்றார் கீலக்கா. அந்தக் கூடத்தில் முதன்முறையாகச் செவியார் பல் தெரியச் சிரித்தார். கதவு அச்சுக்குப் போயிற்று.

வார இறுதியில் ஓட்டிப் பார்க்குமாறு மாதிரி வண்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மின்கம்பி இணைப்பை உருவி, திருகைத் தளர்த்தி, கதவைத் தூக்கினாள். எளிதாக வந்தது. “அட, என் கைப்பை கனம்கூட இல்ல!” என்று நான்கையும் கழற்றி மதிலோரம் சாய்த்து வைத்தாள். கூரைத் துணியைச் சுருட்டிக் கட்டினாள். கதவில்லாமல், கூரையில்லாமல், எலும்புக்கூடு போலத் திறந்து நின்றது வண்டி. கேட்டுக்கு வெளியே தெருவில் வேறொரு வண்டியும் இல்லை.

செவியார் ஜன்னலோரம் அமர்ந்தார். வெயில் மதிலைவிட்டு இறங்கிற்று. மகள் சமையலறைக்குள் போனாள். இனிக் கேட்காது என்று ஒரு மனம் சொன்னது. கேட்காமற் போய்விட்டால் என்செய்வேன் என்று மறு மனம் அரற்றியது.

கேட்டது.

நாக்கு, ரப்பர், தகடு. மதிலோரம் நான்கு கதவுகளும் அசையாது சாய்ந்திருந்தன. வழக்கம்போல் அவர் கால்கள் எழத் துடித்தன. நாற்காலியின் கைகளை இறுகப் பற்றி அமர்ந்துகொண்டார். கண்களில் நீர் நிறைந்தது. தெருவை நோக்கி, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“போயிட்டு வாம்மா.”

இத்தனை ஆண்டுகளில் கதவோசைக்குப் பின் எதுவும் கேட்டதில்லை. இன்று சிறிது அமைதிக்குப் பின், பழைய எஞ்சின் ஒன்று இருமுறை இருமிப் பற்றிக்கொண்டது. அது அவர் மறந்தே போயிருந்த ஒலி. மெல்ல நகர்ந்து, தெருமுனை வளைவில் வேகம் தணிந்து, தேய்ந்து, இல்லாமற்போயிற்று.

சமையலறையிலிருந்து மகள் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். திறந்து நின்ற வண்டியைப் பார்த்தாள். வெறுந்தெருவைப் பார்த்தாள்.

“யாருப்பா,” என்றாள், “இப்போ கிளம்பிப் போனது?”