கண்ணால் கண்டதை மட்டும்

ஊரில் பதினான்கு வருடம் நீதிபதியாக இருந்தேன். பிறகு சுவிஸ் நாட்டுக்கு அகதியாக வந்து, டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினேன். எண்பதுகளின் நடுப்பகுதியில் அப்படி வந்த எங்களில் பலருக்கு அதுதான் வேலை. அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் முந்திய உத்தியோகத்தைப் பற்றித்தான்.

ஹோட்டல் அறையில் என்னோடு இருந்தவர் ஊரில் லொறி ஓட்டியவர். முப்பத்தைந்து வயது. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அறையில் இருந்த ஒரே கதிரையில் என்னை இருத்திவிட்டுத் தான் கட்டில் விளிம்பில் இருப்பார். வேண்டாம் என்பேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

அகதி விசாரணைக்கு அவருக்குத் திகதி வந்தது. மத்தியான இடைவேளையில் கடிதத்தோடு வந்து நின்றார்.

"ஐயா, நான் என்னத்தைச் சொல்லுறது? நீங்கள்தானே உந்த வேலை பார்த்தனீங்கள்."

நடந்ததைக் கேட்டேன். அவர் வெளியூரில் நின்ற நாளில் இராணுவம் அவரைத் தேடி வீட்டுக்கு வந்தது. அவர் இல்லையென்றதும் தம்பியை இழுத்துக்கொண்டு போனது. தம்பி திரும்பி வரவே இல்லை.

"நீர் கண்டனீரோ?"

"இல்லை ஐயா. மனுசிதான் கண்டவா. அவ சொல்லித்தான் தெரியும்."

"அப்ப அதைச் சொல்லாதையும். ஆரோ சொல்லிக் கேட்டது சாட்சியமில்லை. கண்ணாலை கண்டதை மட்டும் சொல்லும். ஒண்டிலை பிழை பிடிச்சால் மிச்சத்தையும் நம்பமாட்டாங்கள்."

"ஓம் ஐயா."

'பக்கத்து வீட்டுக்காரி சொன்னவா' என்று தொடங்கிய எத்தனை பேரை மேசையில் தட்டி நிறுத்தியிருக்கிறேன்! என் தீர்ப்புகள் மேல்முறையீட்டில் நிற்கும் என்று ஊரில் பெயர். கோப்பை கழுவியும் அந்தத் திமிர் இறங்கவில்லை.

அவர் போய், இரண்டு இராணுவச் சுற்றிவளைப்புகளில் தான் பட்ட அடியைச் சொன்னார். தம்பியைப் பற்றி வாய் திறக்கவில்லை. "நீங்கள் சொன்னமாதிரியே சொன்னன் ஐயா" என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

அடுத்த மாதம் என் விசாரணை. தடுப்புக்காவலில் செத்த ஒருவனுடைய மரண விசாரணையில் அது கொலை என்று எழுதியவன் நான். அப்படி எழுதிய இரண்டாம் நாள் நீதிமன்றக் காவலாளி சைக்கிளில் வீட்டுக்கு ஓடி வந்தார். ஆயுதங்களோடு சிலர் என்னைத் தேடி நீதிமன்றத்துக்கு வந்ததாகச் சொன்னார். அன்றே ஊரைவிட்டு வெளிக்கிட்டேன். இதையெல்லாம் சொன்னபோது அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்:

"அவர்களை நீங்கள் கண்டீர்களா?"

"இல்லை. காவலாளி சொன்னார்."

அவர் தலையாட்டிவிட்டுத் தட்டச்சில் அடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

திரும்பி வரும் ரயிலில்தான் எனக்கு உறைத்தது. என் வழக்கு முழுவதும் ஒரு காவலாளி சொல்லிக் கேட்டது; அதிகாரி அதை மறுக்காமல் பதிந்துகொண்டார்.

அன்றே லொறிக்காரரிடம் நான் சொல்லிக்கொடுத்தது பிழை என்று சொன்னேன். தம்பியின் கதையை எழுதி, ஜெர்மன் தெரிந்த ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்து அனுப்பினோம். பதில் வந்தது, நெகட்டிவ்; விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மொழிபெயர்த்தவர்தான் கடிதத்தை வாசித்துச் சொன்னார். இவ்வளவு முக்கியமான விடயத்தை முதல் விசாரணையில் எவரும் சொல்லாமல் விடமாட்டார், பின்னர் சேர்த்ததால் நம்பத்தக்கதல்ல என்று எழுதியிருந்தார்கள்.

அதே வசனத்தை ஊரில் நானே எத்தனையோ தீர்ப்புகளில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கிறேன்.

சொல்ல வேண்டாம் என்றவன் நானே என்று மேல்முறையீட்டில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அதுவும் எடுபடவில்லை. எனக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

அவரைத் திருப்பி அனுப்பும் நாள் வந்தது. ரயில் நிலையத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"விடுங்கோ ஐயா. நீங்கள் சட்டத்தைத்தானே சொன்னனீங்கள்" என்றார். கடைசிவரை 'ஐயா'தான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவருடைய ஊர்க்காரர் ஒருவர் ஹோட்டலுக்கு வேலைக்கு வந்தார். லொறிக்காரரை இராணுவச் சோதனைச்சாவடியில் இறக்கிக்கொண்டு போனார்களாம். தம்பியைப் போலவே அவரும் திரும்பவில்லையாம். இதை அந்த ஊர்க்காரரும் நேரில் காணவில்லை. லொறிக்காரரின் மனைவி அழுதழுது சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நம்பினேன்.